தமிழில் சொல்லச் சொன்னார்கள்

ஆறு பெயர்கள்

மெல்பேர்ணின் கிழக்கு ஓரத்தில், ரோவிலில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரத் தூரத்தில் இருந்தது அந்தச் சின்ன அரசாங்க ஆரம்பப் பள்ளிக்கூடம். நூற்று நாற்பது பிள்ளைகள். ஒஃபிஸ் கவுண்டரில் நான் ஒருத்திதான். பிந்தி வரும் பிள்ளைக்குச் சீட்டு எழுதுவது, முழங்கால் உரசிக்கொண்டு வரும் பிள்ளைக்கு பிளாஸ்டர் ஒட்டுவது, போன் எடுப்பது, பள்ளிக்கூடக் கவுன்சில் கூடும் நாட்களில் இருந்து கூட்டறிக்கை எழுதுவது எல்லாம் என் வேலை.

நான் சேர்ந்து மூன்றாவது வருடம், பெப்ரவரி மாதக் கடைசியில், பிரின்ஸிபல் ஜெனட் ஒரு துண்டுக் காகிதத்தோடு கவுண்டருக்கு வந்தார். அதில் ஆறு பிள்ளைகளின் பெயர்கள். இரண்டுக்குப் பக்கத்தில் பேனாவால் சின்னப் புள்ளி.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"பிலோ, புள்ளி போட்ட ரெண்டு வீட்டுக்கும் நீங்கள் ஒருக்கா போன் பண்ணிக் கதைக்க ஏலுமா? உங்களுக்கு அவையின்ர பாஷை தெரியும்தானே. மற்ற நாலையும் நான் பார்க்கிறன்."

விஷயம் நப்லான். இங்கே மூன்றாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகள் மார்ச் மாதத்தில் எழுதும், நாடு முழுவதற்கும் பொதுவான பரீட்சை. வாசிப்பு, எழுத்து, கணக்கு. தங்கள் பிள்ளை எழுத வேண்டாம் என்று தாய் தகப்பன் நினைத்தால் ஒரு ஃபோர்மில் கையெழுத்துப் போட்டு விலக்கலாம். அந்த உரிமை பெற்றோருக்கு. பள்ளிக்கூடம் தானாகப் போன் எடுத்து "விலக்குங்கோ" என்று கேட்பதற்கு அது வைக்கப்படவில்லை. அன்றைக்கு எனக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

முதல் போன் கவிதாவுக்கு. ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளை. கணவர் டீசல் மெக்கானிக்காக விசா எடுத்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் இனியா மூன்றாம் வகுப்பு.

"அக்கா, ஸ்கூல்ல இருந்தா? பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லையில்லை. அவ வடிவா வகுப்பில இருக்கிறா. இது அந்த நப்லான் சோதினை விஷயம். சில பிள்ளைகளுக்கு அது நல்லா ஸ்ட்ரெஸ் குடுக்கும். இனியா இன்னும் இங்கிலீஷில வளர்ந்து வாற பிள்ளைதானே. நீங்கள் விரும்பினால் அவ எழுதத் தேவையில்லை."

"எழுதலைன்னா பின்னாடி ஏதும் பிரச்சனை வருமாக்கா?"

"ஒரு பிரச்சனையும் வராது."

"நீங்க சொன்னா சரிதாங்க்கா. எங்க கையெழுத்துப் போடணும்?"

நாலு நிமிடம்கூட ஆகவில்லை. ஃபோர்மை இனியாவின் பையில் வைத்து அனுப்பினேன். அடுத்த நாள் காலை கையெழுத்தோடு திரும்பி வந்தது. ஜெனட் தோளில் தட்டி, நீங்கள் இல்லாவிட்டால் என்ன செய்திருப்போம் என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

தலைக்கு இவ்வளவு

ஏன் இந்தப் போன் என்று இளம் ஆட்கள் கேட்கக்கூடும். பள்ளிக்கூடத்துக்குக் காசு எப்படி வருகிறது என்று தெரிந்தால் விளங்கும்.

அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் காசில் பெரும்பகுதி பிள்ளைகளின் தலையை எண்ணித்தான் வரும். பிள்ளைகள் குறைந்தால் காசு குறையும். காசு குறைந்தால் ஒரு ரீச்சரின் இடம் போகும். பிறகு இரண்டு வகுப்பை ஒன்றாக்கி ஒரு அறையில் இருத்துவார்கள். அதைக் கண்டு இன்னும் சில குடும்பங்கள் போகும். எங்களுக்கு இரண்டு கிலோமீற்றர் தள்ளி, புது மண்டபமும் புது விளையாட்டுத் திடலுமாக இன்னொரு பள்ளிக்கூடம் இருந்தது. வீடு வாங்க வருகிறவர்கள் இரண்டையும் அரசாங்க இணையத்தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதில் இருப்பது பள்ளிக்கூடத்தின் நப்லான் சராசரியைக் காட்டும் கோடு. ஏறுகிறதா, இறங்குகிறதா, அவ்வளவுதான்.

எங்களுடைய மூன்றாம் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். பதினெட்டில் மூன்று பேர் வாசிக்கத் திணறினாலே கோடு கீழே சரிந்துவிடும். பெரிய பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் கண்ணுக்கே தெரியாது. எத்தனை பேர் எழுதவில்லை என்ற கணக்கும் அந்தப் பக்கத்தில் இருக்கத்தான் செய்கிறது. அந்த மூலைக்கு யாரும் போவதில்லை.

ஜெனட் கெட்ட பெண் என்று சொல்ல வரவில்லை. சாப்பாடு கொண்டு வராத பிள்ளைக்குத் தன் சான்ட்விச்சைப் பிய்த்துக் கொடுத்ததைக் கண்டிருக்கிறேன். அவருக்கு இருந்த பயம் உண்மையான பயம். ஆனால் அந்தப் பயத்தின் விலையை யார் தலையில் போட்டார் என்று பாருங்கள். ஆங்கிலம் தடுமாறுகிற வீடு, கேள்வி கேட்காத வீடு, "பள்ளிக்கூடம் சொன்னால் சரி" என்கிற வீடு. லிஸ்டில் விழுந்தது அப்படிப்பட்ட வீடுகளின் பெயர்கள்தான்.

தொப்பியின் நிறம்

எங்கள் மாநிலமான விக்டோரியாவில் ஒவ்வொரு அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கவுன்சில் உண்டு. பெற்றோரில் சிலர், ஊழியரில் சிலர், பிரின்ஸிபல். வரவுசெலவுக்கும் பள்ளிக்கூடம் போகிற திசைக்கும் அவர்கள்தான் பொறுப்பு. காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அந்த வருடம் பெறுபேறு வந்த பிறகு கூடிய மீற்றிங் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெயில் தொப்பி கடும் நீலமாக இருப்பதா, பச்சையாக இருப்பதா என்று நாற்பது நிமிடம் வாதாடினார்கள். ஒரு அம்மா நிற மாதிரிகளைத் துணியில் வெட்டிக் கொண்டு வந்திருந்தார். அதற்குப் பிறகு ஜெனட் திரையில் நப்லான் கோட்டைக் காட்டினார். ஏறியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மூன்று நிமிடத்தில் அந்த விஷயம் முடிந்தது.

எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பதில் தெரிந்த நான் மூலைக் கதிரையில் இருந்து, "கவுன்சில் ஆசிரியர்களுக்குப் பாராட்டுத் தெரிவித்தது" என்று எழுதினேன். எனக்கு அப்போது வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலை. வாயைத் திறக்காததற்கு அது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். கைதட்டலில் ஒரு பங்கு எனக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை வாசல் கம்பியில் ஒரு பனர் ஏறியது. "வளர்ந்து வரும் பள்ளிக்கூடம்."

கவுண்டருக்கு வந்த கவிதா

இரண்டு வருடம் கழிந்தது. இனியா ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

பெப்ரவரியில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். பெற்றோர் வருகிற நேரம் இல்லை. கவிதா கையில் ஒரு கடிதத்தோடு உள்ளே வந்தார்.

"அக்கா, பாப்பாவைக் குழந்தைங்க டாக்டர்கிட்ட காட்டினோம். ஸ்கூல்ல இதுவரைக்கும் எழுதின டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் வேணும்ங்கறாங்க. நப்லான் ரிசல்ட்டும் கேட்டிருக்காங்க."

"ஏன், பிள்ளைக்கு என்ன?"

கவிதா சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"லைப்ரரி புக்கை எடுத்துத் தம்பிக்கு அழகாப் படிச்சுக் காட்டுவாக்கா. நான் சமைச்சுக்கிட்டே கேட்பேன், சந்தோஷமா இருக்கும். போன வாரம் அதே புக்கை நான் எடுத்துப் பார்த்தா அதுல வேற கதை இருக்கு. படத்தைப் பார்த்து அவளே கதை கட்டிச் சொல்லிட்டிருக்கா. ஒரு வரி படிக்கலைக்கா. அவளுக்குப் படிக்கவே வரலை."

ஐந்தாம் வகுப்பு. பத்து வயது. நாலு வருடத்தில் ஏழு ரீச்சர்மார் மாறியிருந்தார்கள், அரைவாசிப் பேர் வேறு யாருக்கோ பதிலாக வந்தவர்கள். ரிப்போர்ட்டுகளைத் திறந்து பார்த்தேன். "இனியா அன்பான பிள்ளை." "இனியா மற்றவர்களுக்கு உதவுவாள்." "இனியா தன் இலக்கை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறாள்." இதை வாசித்து எந்தத் தாய்க்கு என்ன விளங்கும்?

நப்லான் கோப்பைத் திறந்தேன். இனியாவின் பெயருக்கு நேரே மதிப்பெண் இல்லை. "பெற்றோரால் விலக்கப்பட்டார்" என்று இருந்தது.

அப்போதுதான் இன்னொரு விஷயம் என் மண்டையில் உறைத்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் கிழமைக்கு இரண்டு நாள் வந்து, வாசிக்கக் கஷ்டப்படும் ஆறு பிள்ளைகளைத் தனியாக இருத்திப் படிப்பிப்பார். அந்த ஆறு பேரை எப்படித் தெரிவுசெய்வது? நப்லான் வாசிப்பில் அடியில் இருக்கும் ஆறு பெயர்கள். அந்த லிஸ்டை இரண்டு வருடமும் ரைப் பண்ணியது நான். பரீட்சை எழுதாத பிள்ளைக்கு அடியும் இல்லை, நுனியும் இல்லை. ஆகக் கூடுதலாக உதவி தேவைப்பட்ட பிள்ளைகளை நாங்களே போன் பண்ணி அந்த லிஸ்டிலிருந்து வெட்டியிருக்கிறோம்.

கவிதா கொம்பியூட்டர் திரையை எட்டிப் பார்த்தார். அந்த ஆங்கில வரியை மெதுவாக வாசித்தார்.

"பெற்றோர்னா நாங்களா? நீங்கதானக்கா போன் பண்ணுனீங்க. ஒரு பிரச்சனையும் வராதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. நான் விளக்குவேன் என்று காத்துக்கொண்டு நின்றார்.

"ஓம். நான்தான் சொன்னனான்," என்றேன். "பிழையாச் சொல்லிப் போட்டன், கவிதா."

அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எழுதித் தாருங்கள்

இரண்டு நாள் கழித்து ஜெனட் புது லிஸ்டைக் கொண்டு வந்தார். இந்த முறை ஒன்பது பெயர்கள். புள்ளி போட்டவை மூன்று. இனியாவின் பெயர் மேலிருந்து மூன்றாவது.

லிஸ்டை எடுத்துக்கொண்டு அவரின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன்.

"நான் இந்தப் போனை எடுக்க மாட்டன், ஜெனட்."

"ஏன், என்ன நடந்தது?"

"இனியாவுக்கு வாசிக்க வராது. ரெண்டு வருஷமா ஒருத்தருக்கும் தெரியாமல் போச்சு. தெரிய விடாமல் செய்தது நாங்கள்."

"பிலோ, விலக்கிறது பெற்றோரின்ர விருப்பம். நாங்கள் தகவல்தான் குடுக்கிறம்."

"அப்ப அந்தத் தகவலை எழுதுங்கோ. உங்கட கையெழுத்தை வைச்சு எல்லா வீட்டுக்கும் அனுப்புங்கோ. நல்லா வாசிக்கிற பிள்ளைகளின்ர வீட்டுக்கும் அனுப்புங்கோ. ஏன் இந்த ஒன்பது வீட்டுக்கு மட்டும் போன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இந்த வருஷம் கோடு விழுந்தால் அடுத்த வருஷம் ஒரு ரீச்சர் போவார். யாரை அனுப்பிறது எண்டு நீங்கள் வந்து சொல்லுவீங்களா?"

"எனக்குத் தெரியாது. ஆனா அதுக்கு இனியாவைப் பலி குடுக்க ஏலாது."

"இது உங்கட வேலைக்கு அப்பாற்பட்ட விஷயம்," என்றார் ஜெனட்.

அந்தப் போனைத் தமிழில் எடுப்பது மட்டும் என் வேலைக்கு உட்பட்டதாக இருந்திருக்கிறது! அந்தச் சொல்தான் எனக்குள் இருந்த கடைசித் தயக்கத்தையும் எரித்தது. லிஸ்டை அவருடைய மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

டேரன் கேட்ட கேள்வி

அடுத்த கிழமை கவுன்சில் மீற்றிங். பின்னேரம் ஆறரை மணி, ஸ்டாஃப் ரூமில். தலைவர் கிரெக், கட்டட ஒப்பந்தக்காரர், நேரம் பார்க்கிற மனிதர். மற்றவர்களில் ஒருவர் டேரன். பிளம்பர். எப்போதும் வேலை உடுப்போடு வந்து கடைசிக் கதிரையில் இருப்பார். விளையாட்டுத் திடலில் தண்ணீர் தேங்குவதைப் பற்றித் தவிர வேறு எதற்கும் வாய் திறந்து நான் கண்டதில்லை.

"இந்த வருட நப்லான் ஆயத்தம்" என்ற தலைப்பு வந்தது. எல்லாம் நன்றாகப் போகிறது என்றார் ஜெனட். கிரெக் அடுத்த தலைப்புக்குப் போகப் பார்த்தார்.

கூட்டறிக்கை எழுதுகிற ஆளுக்கு வாக்கு இல்லை. தலைவர் அனுமதித்தால் பேசலாம். கையை உயர்த்தினேன். அத்தனை வருடத்தில் முதல் தடவை.

"இந்த வருஷம் பரீட்சையிலிருந்து விலக்கச் சொல்லி ஒன்பது குடும்பத்தோட கதைக்கிறதுக்கு லிஸ்ட் ஒண்டு போட்டிருக்கு. பெற்றோர் கேட்டுப் போட்ட லிஸ்ட் இல்லை. பள்ளிக்கூடம் தெரிவுசெய்தது. முந்தின வருஷங்களிலயும் நடந்தது. சில போனை எடுத்தது நானே. அப்படி விலகின பிள்ளைகளுக்கு வாசிப்பு உதவி லிஸ்டில இடம் கிடைக்கேல்லை. இது கூட்டறிக்கையில வர வேணும்."

பிள்ளைகளின் பெயர் ஒன்றும் சொல்லவில்லை.

"இது இங்கே பேசக்கூடிய விஷயமா?" என்று கிரெக் ஜெனட்டைப் பார்த்தார்.

"ஊழியர் பிரச்சினை. நான் தனியாகக் கையாளுகிறன்," என்றார் ஜெனட்.

கிரெக் என் பக்கம் திரும்பினார். "அப்போ எழுத வேண்டாம்."

அந்த நேரம் கடைசிக் கதிரை சத்தத்தோடு பின்னால் நகர்ந்தது. டேரன் எழுந்து நின்றார்.

"ஒரு நிமிஷம். ஜெனட், போன கிழமை நீங்கள் எனக்கும் போன் பண்ணினீங்கள். என்ர மகன் எழுதினால் அவன்ர தன்னம்பிக்கை உடைஞ்சு போகும் எண்டு சொன்னீங்கள். மூண்டாம் வகுப்பிலயும் இதைத்தான் சொன்னீங்கள். ரெண்டு தரமும் கையெழுத்துப் போட்டன். அவனும் அந்த லிஸ்டிலயா?"

ஜெனட் முன்னால் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

"அவன் தன்ர பெயரைத் தவிர ஒண்டும் எழுத மாட்டான். நானும் அப்படித்தான் படிச்சனான், என்னைப் போலத்தான் எண்டு விட்டிட்டன். உதவிக்கு ஒரு ரீச்சர் இருக்கிறா எண்டே எனக்குத் தெரியாது. நான் இந்தக் கவுன்சிலில இருக்கிறன்! மாசத்துக்கு ஒருக்கா இந்தக் கதிரையில வந்து குந்தியிருந்து தொப்பி நிறத்துக்குக் கை உயர்த்திறன்!"

அவர் முகம் சிவந்து போயிருந்தது. மேசையில் ஒரு குத்து விட்டார், தேநீர்க் கோப்பை ஒன்று உருண்டது. பிறகு, "அவ சொன்னது சொன்னபடி எழுதப்பட வேணும். நான் முன்மொழியிறன். வாக்கெடுங்கோ," என்றார்.

ஐந்து கை உயர்ந்தது. நாலு உயரவில்லை. சொல்லுக்குச் சொல் எழுதினேன்.

பிறகு நடந்தது

அந்தக் கூட்டறிக்கையைப் பார்த்துவிட்டு, கல்வித் திணைக்களத்தில் இருந்து ஒரு அதிகாரி வந்து ஜெனட்டோடு ஒரு மணி நேரம் பேசினார். பெற்றோர் தாமாகக் கேட்டால் தவிர விலக்குவது பற்றி எந்த ஊழியரும் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் அதைத் திரும்பப் பெற, கவிதாவும் டேரனும் மற்றவர்களும் பிள்ளைகளை எழுத வைத்தார்கள். ஒன்பது பேரும் எழுதினார்கள். இனியாவுக்கு "மேலதிக உதவி தேவை" என்று பெறுபேறு வந்தது. ஒரு ஆளுக்காவது இதை எழுத்தில் சொல்ல மனம் வந்ததே என்று நினைத்தேன். டாக்டர்கள் சோதித்து டிஸ்லெக்ஸியா என்றார்கள். எழுத்துகளைக் கூட்டி வாசிக்க மூளை மற்றவர்களைப் போல ஒத்துழைக்காது, ஆனால் முறையாகப் பயிற்றுவித்தால் வாசிப்பு வரும். எட்டு வயதில் தொடங்கியிருந்தால் நன்றாக வந்திருக்கும் என்று அவர்களில் ஒருவர் கவிதாவிடம் சொன்னாராம்.

கோடு விழுந்தது. ஜெனட் சொன்னபடியே நடந்தது. அடுத்த வருடம் பதினொரு பிள்ளைகள் வேறு இடம் போனார்கள். ஒரு ரீச்சரின் இடம் போனது, ஐந்தாம் வகுப்பையும் ஆறாம் வகுப்பையும் ஒன்றாக்கினார்கள். காசு போதாது என்று வாசிப்பு ரீச்சரின் இரண்டு நாளை ஒரு நாளாக்கினார்கள். பொய் சொன்ன காலத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு உதவி கிடைக்கவில்லை. உண்மை சொன்ன பிறகு அதற்கான தண்டனையும் அதே பிள்ளைகளுக்குத்தான். இதை எந்த மேதாவி உட்கார்ந்து வடிவமைத்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கண்டால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன்.

என்னுடைய ஐந்து நாள் வேலை மூன்று நாள் ஆனது. ஜெனட் அந்த வருட முடிவில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனார். பதவி உயர்வு.

டேரன் இப்போது கவுன்சில் தலைவர். ஒவ்வொரு மீற்றிங்கிலும் முதல் கேள்வியாக, எத்தனை பிள்ளைக்கு உதவி தேவை, எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று கேட்கிறார். இரண்டு எண்ணும் இன்னும் ஒன்றாகவில்லை. கேட்கவாவது ஒரு ஆள் இருக்கிறார்.

இனியா உயர்நிலைப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். மெதுவாக, விரலை வைத்து வாசிக்கிறாளாம். அவளுடைய தம்பி இன்னும் எங்களிடம்தான் படிக்கிறான், அதனால் கவிதா கவுண்டருக்கு வருவார். என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். "குட் மோர்னிங். ஹி ஹாஸ் எ டென்டிஸ்ட் அப்பொயின்ட்மென்ட்." நான் தமிழில் பதில் சொன்னாலும் ஆங்கிலத்தில்தான் திருப்பிச் சொல்வார். தவறே இல்லாத, யோசித்துக் கட்டிய ஆங்கிலம். அக்கா என்ற சொல் அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வரவில்லை. அதைக் கேட்கும் தகுதியை நான்தான் தொலைத்தேன், அவரில் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் அரசாங்க உதவிப் பணம் தரும் சென்டர்லிங்க் கவுண்டர்களிலும் எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். உங்களிடமும் ஒரு நாள் யாராவது வந்து, "உங்களுக்குப் பாஷை தெரியும்தானே, கொஞ்சம் கதைத்து விடுங்கோ" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். உடனே போனைத் தூக்காதீர்கள். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தந்தால் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். தர மாட்டேன் என்றால், அவர்கள் தங்கள் கையெழுத்தை வைக்கப் பயப்படுகிற ஒன்றுக்கு நீங்கள் உங்கள் தமிழை வைக்காதீர்கள்.